மேசையிலிருக்கும் திறன் அட்டைகளை எப்படிப் பயனுள்ளதாக்குவது?
அனைவருக்கும் வணக்கம். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் 22 பேர் பணியாற்றும் எங்கள் கணக்கியல் அலுவலகத்தில், சென்ற தை மாதம் எல்லோரும் ஒருவரின் இயல்பான திறன்களைக் கண்டறிய உதவும், காலப் (Gallup) நிறுவனத்தின் கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் வினாக்கொத்தை நிரப்பி, அதிலுள்ள 34 திறன்களுள் தத்தமக்கு முதல் ஐந்தாக வந்தவற்றை அட்டையில் அச்சிட்டு மேசையில் வைத்தோம். இன்று அவற்றின் மேல் தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. கோபத்தோடு வரும் வாடிக்கையாளரை இரண்டே வார்த்தைகளில் அமைதிப்படுத்தக்கூடிய ஒரு சகோதரி, நாள் முழுவதும் பற்றுச்சீட்டுகளைக் கோவையில் இட்டுக்கொண்டிருக்கிறார். வேலையைப் பகிரும்போது அட்டைகளை நான் பார்ப்பதேயில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் திறனைச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினோம். அது பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. இத்திறன்களை அன்றாட வேலைப் பகிர்வோடு இணைத்தவர்கள், குறிப்பாகத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து பணியாற்றும் குழுக்களில் அதைச் செய்து பார்த்தவர்கள், உங்கள் நடைமுறையைச் சற்று விரிவாக எழுத முடியுமா?