பாட்டி வீட்டுக் குழு: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?

புதன், 15 டிசம்பர் 2021

அத்தை: ஞாயிறு அன்று அம்மாவுக்கு 82 முடிகிறது. எல்லாரும் மதியத்துக்கு வந்துவிடுங்கள். கணக்குப் போட்டால் 14 பேர். ஹாலில் ஏசியைப் போட்டு ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். தூசியும் வராது, தெருச் சத்தமும் வராது.

பெரியப்பா: நானும் உன் அண்ணியும் பத்து மணிக்கே ஆஜர்.

சித்தப்பா: நாங்கள் நான்கு பேர் அக்கா.

அக்கா: அத்தை, ஒரு நிமிஷம். இப்போதுதான் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்தேன். 14 பேர், மூடிய ஹால், நடுவில் பாட்டி. இந்தக் கொரோனா சமயத்தில் இது வேண்டாமே. பாட்டியைப் பார்க்க வரக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஹால்தான் வேண்டாம் என்கிறேன்.

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது*
காலையில் எழுந்ததும் மூச்சை இழுத்து 10 வினாடி அடக்குங்கள்! இருமல் வராவிட்டால் நுரையீரலில் வைரஸ் இல்லை! அனைவருக்கும் உடனே பகிரவும்!

பெரியப்பா: நான் 25 வினாடி அடக்கினேன்.

தம்பி: நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடலாம் பெரியப்பா.

அக்கா: பெரியப்பா, தொற்று இருக்கிற இளவயதுக்காரர்கள் சாதாரணமாக அரை நிமிஷம் அடக்குவார்கள். ஒன்றுமே இல்லாத வயதானவர் பத்து வினாடிக்குள் இருமிவிடுவார். உலகச் சுகாதார நிறுவனம் போன வருஷமே இதைத் தப்பு என்று சொல்லிவிட்டது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு வைரஸ்தான்.

சித்தப்பா: நாம் எல்லாரும் இரண்டு டோஸ் போட்டாகிவிட்டது. புதிதாக வந்திருக்கிற இந்த ஒமிக்ரான் வகைக் கொரோனாவும் லேசானது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் என்ன பயம்?

அக்கா: உடம்பு ரொம்ப மோசமாகாமல் காப்பதில் ஊசி கெட்டி சித்தப்பா. தொற்றாமலே தடுப்பதில் அந்த அளவுக்கு இல்லை. ஊசி போட்டவரிடமிருந்தும் பரவும். லேசானதா இல்லையா என்று தீர்மானமாகச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. நவம்பர் 26 அன்றுதானே அதற்குப் பெயரே வைத்தார்கள்.

தம்பி: லேசானது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சும்மா ஒரு உதாரணத்துக்கு: 100 பேருக்குத் தொற்று. ஒவ்வொருவரும் சராசரியாக 1.1 பேருக்குக் கொடுக்கிறார். ஐந்தாவது சுற்றில் புதிதாக 161 பேர். நூற்றுக்கு ஒருவர் இறப்பார் என்று வைத்தால் ஒன்று அல்லது இரண்டு உயிர். வைரஸ் ஒன்றரை மடங்கு கொடியதானால் இரண்டு, மூன்று.

தம்பி: இப்போது கொடுமை அப்படியே இருக்கட்டும், பரவும் வேகம் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகட்டும். 1.1 என்பது 1.65 ஆகிவிடும். அதே ஐந்தாவது சுற்றில் 1,223 பேர். உயிர் 12.

சித்தி: ஐயோ.

பெரியப்பா: கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 1222.98 என்று வருகிறது.

தம்பி: மீதி 0.02 நீங்கள்தான் பெரியப்பா.

அத்தை: சரி, விளையாட்டு போதும். நாற்காலிகளை ஆறடி தள்ளித் தள்ளிப் போடுகிறேன். வாசலில் சானிடைசர் வைக்கிறேன். யாரும் கட்டிப்பிடிக்க வேண்டாம். போதுமா?

நான்: அத்தை, சரியாக இதையே செய்த ஒரு கூட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். 2020 மார்ச் 10, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம், ஸ்காஜிட் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகை. வாசலில் சானிடைசர், கைகுலுக்கல் இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு மட்டும் சளி மாதிரி இருந்தது. இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அவரையும் சேர்த்து 53 பேர் படுத்துவிட்டார்கள். சோதனையில் உறுதியானவர்கள் 33, மற்றவர்களுக்கு அறிகுறி. இரண்டு பேர் இறந்தார்கள்.

சித்தி: அத்தனை பேரையுமா அவர் தொட்டார்?

நான்: தொடவே வேண்டாம் சித்தி. எல்லாரும் ஒரே காற்றைத்தான் மூச்சு விட்டார்கள். அது பழைய வைரஸ். இப்போது இருப்பது அதைவிட வேகமானது.

அக்கா: ஒரு மூலையில் ஒருவர் சிகரெட் பிடித்தால் எதிர்மூலையில் இருப்பவருக்கு வாடை வருகிறதா இல்லையா? மூச்சுக்காற்றும் அதே வழியில்தான் வரும். ஆறடி என்பது பக்கத்தில் நின்று பேசும்போது உதவும். மூடிய அறையில் அரை மணி நேரம் ஆனால் ஆறடியும் ஒன்றுதான், பன்னிரண்டடியும் ஒன்றுதான்.

அத்தை: ஏசி காற்றை மாற்றிவிடாதா?

தம்பி: வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது அத்தை. உள்ளே இருப்பதையே குளிர வைத்துத் திருப்பி விடும். வெளியே மாட்டிய பெட்டி சூட்டைத்தான் வெளியேற்றுகிறது, காற்றை அல்ல. என்னிடம் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருக்கிறது. நேற்று நாங்கள் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். ஆரம்பத்தில் 450 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 450 பங்கு. ஒரு மணி நேரத்தில் 1,500 தாண்டிவிட்டது. கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்ததும் பத்து நிமிஷத்தில் 600.

சித்தப்பா: அந்த எண் வைரஸைக் காட்டுமா?

தம்பி: காட்டாது. அறையில் இருக்கிற காற்றில் எவ்வளவு அடுத்தவர் நுரையீரலுக்குள் போய்வந்தது என்று காட்டும். வெளிக்காற்றில் 420 சுமாருக்கு இருக்கும். 800க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை.

பெரியப்பா: இனி பாத்ரூம் போய்வந்தாலும் மீட்டர் பார்க்க வேண்டும்போல.

அத்தை: மொட்டை மாடியில் வைத்துக்கொள்வோமா? அம்மாவைப் பிடித்துக்கொண்டு படி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். நிழலுக்கு ஏதாவது கட்ட வேண்டும்.

அக்கா: அத்தை, இதைச் சொன்னதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

வியாழன், 16 டிசம்பர்

பெரியப்பா: *புகைப்படம்*
மாஸ்க் ரெடி. என்95. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.

அக்கா: துவைத்துவிட்டீர்களா!

பெரியப்பா: அழுக்காக இருந்ததே அம்மா.

அக்கா: பெரியப்பா, அது வெறும் சல்லடை இல்லை. அந்த இழையில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். சட்டையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்த மாதிரி நுண்துளிகளை இழுத்துப் பிடிக்கும். சோப்பும் தண்ணீரும் பட்டால் அது போய்விடும். பார்க்க மாஸ்க் போலவே இருக்கும், வேலை செய்யாது. குறுக்கே அந்தப் பிளாஸ்டிக் வட்டம் என்ன, வால்வா?

பெரியப்பா: ஆமாம். மூச்சு விடச் சுகமாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

அக்கா: உங்களுக்குச் சுகம். நீங்கள் விடும் காற்று வடிகட்டாமல் நேரே பாட்டி முகத்துக்குப் போகும். வால்வு இல்லாததாக இரண்டு மூன்று வாங்குங்கள். இன்று போட்டதைக் காகித உறையில் போட்டுக் காற்றாட வைத்துவிட்டு நாளை வேறொன்று. சில நாள் கழித்து முதல் மாஸ்க்குக்குத் திரும்பி வரலாம். நாடா தொய்ந்தாலோ ஈரமானாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சித்தி: எங்களிடம் நீல சர்ஜிகல் மாஸ்க்தான் ஒரு பெட்டி இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கன்னத்தில் இடைவெளி விட்டு நிற்கிறது.

அக்கா: அதற்கு ஒரு வழி இருக்கிறது சித்தி. மாஸ்க்கை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். காது நாடாவை மாஸ்க் ஓரத்தை ஒட்டியே ஒரு முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும். பிரித்தால் ஓரத்தில் சின்ன வாய் மாதிரித் திறந்திருக்கும், அதை உள்ளே மடித்துச் செருகிவிடுங்கள். கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்துங்கள், கிள்ளாதீர்கள், கிள்ளினால் நடுவில் கூர்மையாகி இரண்டு பக்கமும் காற்று போகும்.

நான்: கண்ணாடி போட்டவர்களுக்கு மீட்டரே வேண்டாம். கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

சித்தி: முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். சின்னவனுக்கு அழகாக உட்கார்ந்துவிட்டது. நான் இன்னொன்று கேட்க வேண்டும். வருகிற பொட்டலம், கதவுப் பிடி, சாவி எல்லாம் தினமும் துடைத்துத் துடைத்துக் கை தோல் உரிகிறது.

அக்கா: விடுங்கள் சித்தி. ஒரு பரப்பைத் தொட்டதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஏப்ரலில் சொல்லிவிட்டது. வெளியே போய் வந்ததும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவினால் போதும். துடைக்கிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சித்தி: இரண்டு வருஷமாக நான் செய்த வேலை எல்லாம் வீணா?

அக்கா: வீடு பளபளவென்று இருக்கிறதே.

வெள்ளி, 17 டிசம்பர்

சித்தப்பா: சும்மா ஒரு தகவலுக்கு. காலையிலிருந்து தொண்டை லேசாகக் கரகரப்பு. அலமாரி ஒழித்தேன், தூசிதான். ரேபிட் டெஸ்ட் எடுத்துவிட்டேன், நெகட்டிவ். ஞாயிறு வருகிறேன்.

அக்கா: சித்தப்பா, ஒரு நெகட்டிவை நம்பாதீர்கள். முதல் நாளில் மூக்கில் வைரஸ் குறைவாக இருந்தால் அந்தக் கோடு வராது. பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று.

சித்தப்பா: அம்மா காத்துக்கொண்டிருப்பாரே.

அத்தை: நீ வராவிட்டால் அம்மாவுக்கு வருத்தம்தான். நீ வந்து அம்மாவுக்கு ஏதாவது ஆனால் உனக்கு வருத்தம். எனக்கு முதல் வருத்தமே தேவலை.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சித்தப்பா: சரி அக்கா. வரவில்லை.

அக்கா: இப்போதிருந்தே தனி அறை. ஜன்னல் திறந்து, கதவு மூடி. அறையை விட்டு வெளியே வரும்போது நீங்களும் மாஸ்க், வீட்டில் மற்றவர்களும் மாஸ்க். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நேற்று எங்கேயாவது போனீர்களா? அறிகுறிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பரவ ஆரம்பித்துவிடும்.

சித்தப்பா: ஆபீஸ் போனேன். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு.

பெரியப்பா: வாசலில் நின்று பையைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் போய்விட்டான். இரண்டு பேரும் மாஸ்க். என்னுடையது துவைக்காத புதியது என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

அக்கா: அப்படியானால் ஆபத்து குறைவுதான் பெரியப்பா. ஆனாலும் ஞாயிறு காலை கிளம்பும் முன் ஒரு டெஸ்ட். பாட்டியிடமிருந்து தள்ளி உட்காருங்கள், மாஸ்க்கைக் கழற்றவே கூடாது.

பெரியப்பா: சாப்பிடும்போது?

அக்கா: மாடியின் மறுகோடியில். தனியாக.

பெரியப்பா: பள்ளிக்கூடத்தில்கூட என்னை இப்படி ஒதுக்கி வைத்ததில்லை.

சனி, 18 டிசம்பர்

சித்தப்பா: *புகைப்படம்*
இரண்டு கோடு.

நான்: காய்ச்சல் இருக்கிறதா சித்தப்பா?

சித்தப்பா: 100. உடம்பு வலி. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இதுவரை ஒன்றும் இல்லை, அவர்களும் வீட்டிலேயேதான். ஆபீஸில் சொல்லிவிட்டேன். நேற்று அவசரத்தில் உன் அக்காவைத் திட்டி ஒன்று போட்டு அழித்தேன். மன்னித்துவிடச் சொல்.

அக்கா: படித்துவிட்டேன் சித்தப்பா. பரவாயில்லை.

சித்தி: ஆவி பிடிக்கச் சொல்லவா?

அக்கா: வேண்டாம். ஆவி வைரஸைக் கொல்லாது. கொதிநீர் கவிழ்ந்து வெந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஆன்டிபயாட்டிக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், அது பாக்டீரியாவுக்கு. ஆக்சிமீட்டர் இருக்கிறதல்லவா? ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்த பிறகு போடுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண் ஆடி நிற்கும்வரை காத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை எழுதி வையுங்கள். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் உடனே டாக்டர். கருத்த தோலில் அந்தக் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், அதனால் எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் எண்ணை நம்பாதீர்கள்.

சித்தப்பா: 97. இனி தினமும் மார்க் ஷீட் அனுப்புகிறேன்.

ஞாயிறு, 19 டிசம்பர்

பெரியப்பா: *புகைப்படம்*
ஒரு கோடு. கிளம்பலாமா?

அக்கா: கிளம்புங்கள். காரில் எதிரெதிர் மூலைக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

அத்தை: வருவதற்கு முன் ஒன்று. அம்மாவுக்குக் காது கேட்காது என்று எல்லாரும் கிட்டே போய்க் கத்துவீர்கள். கத்தினால் இன்னும் அதிகமாகப் பரவுமாம். பேரனின் சிலேட்டை எடுத்து வைத்திருக்கிறேன். எழுதிக் காட்டுங்கள்.

*(மாலை 6.40)*

தம்பி: மாடியில் மீட்டர் 430. பத்துப் பேர் இருந்தும்.

நான்: பெரியப்பா சிலேட்டில் ‘அம்மா, நான்தான்’ என்று எழுதித் தூரத்திலிருந்து தூக்கிப் பிடித்ததற்குப் பாட்டி, ‘அது தெரிகிறது, ஏன் அங்கே நிற்கிறாய்’ என்று கேட்டதைத்தான் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா: வீடியோவில் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து, ‘இவன் ஒருவன்தான் மூஞ்சி தெரிய வந்திருக்கிறான்’ என்றார். 96, காய்ச்சல் இல்லை.

அத்தை: எல்லாரும் போய்ச் சேர்ந்தீர்களா? மாடிக் கைப்பிடிச் சுவரில் யாரோ ஒரு மாஸ்க்கை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வெள்ளை, வால்வு இல்லாதது.

பெரியப்பா: என்னுடையதுதான். துவைத்துவிடாதே.