கியூபாவின் கமகுவேய் நகரில் நான்கு இரவு: நானும் கணவரும் மட்டும், சாப்பாடும் ஊர் சுற்றலும்

மீனா (ஸ்காபரோ) கேட்டது:

இங்கே கனடாவில் நம்மாட்களுக்குக் கியூபா என்றால் வரடேரோ கடற்கரைதான். நாங்களும் இரண்டு தடவை போய்வந்தோம், கடல் அழகு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு தடவையும் ஒரு கியூபக்காரர் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் திரும்பிவிட்டோம் என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கமகுவேய் போகலாம் என்று நினைக்கிறோம். கூட்டம் இல்லாத, பழைய, அமைதியான ஊர் என்று படித்தேன். நான்கு இரவு தங்கினால் போரடிக்குமா? இவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், வெள்ளிக்கிழமை சுத்த சைவம். அங்கே சமாளிக்க முடியுமா? கரண்ட் நிற்பதைப் பற்றியும் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள்.

குமரன் எழுதியது:

மீனா அக்கா, தாராளமாகப் போங்கள். நானும் மனைவியும் 2023இல் ஐந்து இரவு இருந்தோம், ஆறாவது இரவு கிடைக்காதா என்றுதான் இருந்தது.

முதல் நாள் வழி தவறுவீர்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். மற்ற கியூப ஊர்களைப் போலக் கட்டம் போட்ட தெருக்கள் இல்லை. வளைந்து, ஒடுங்கி, திடீரென்று ஒரு சின்னச் சதுக்கத்தில் போய் முடியும். கடற்கொள்ளையரைக் குழப்பத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1668இல் ஹென்றி மோர்கன் வந்து இந்த ஊரைச் சூறையாடியது வரலாறு, ஆனால் தெருக்கள் திட்டமில்லாமல் தானாக வளர்ந்தவை என்றே எனக்குப் படுகிறது. எதுவானாலும் 2008இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தைப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்தத் தெருக்களும் ஒரு காரணம்.

கார்மென் சதுக்கத்துக்குக் காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். மார்த்தா ஹிமேனெஸ் என்ற சிற்பி செய்த ஆள் உயரச் சிலைகள் அங்கே இருக்கின்றன: ஊர்வம்பு பேசும் மூன்று பெண்கள், பேப்பர் படிக்கும் ஒருவர், தண்ணீர்ச் சாடி வைத்த வண்டி தள்ளுபவர். எல்லாம் அந்த அக்கம்பக்கத்து மனிதர்கள். வம்பு பேசும் பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி உண்டு. என் மனைவி அதில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை.

அந்தச் சாடிக்கு 'தினஹோன்' என்று பெயர். நம்மூர்க் குதிர் அளவுக்குப் பெரிய மண்சாடி. தண்ணீர்ப் பஞ்சம் இருந்த ஊர் என்பதால் கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு முற்றத்தில் பாதி புதைத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சாடித் தண்ணீரைக் குடித்தவர் திரும்பக் கமகுவேய்க்கு வந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. எங்களுக்கு வீட்டுக்கார அம்மா தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தார், குடித்தோம்.

சான் ஹுவான் தே தியோஸ் சதுக்கத்தை மாலை வெயிலில் பாருங்கள். அங்கே இருந்த மருத்துவமனையில்தான் ஒலாயோ என்ற துறவி காலமெல்லாம் நோயாளிகளைப் பார்த்தார். ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய இக்னாசியோ அக்ரமோந்தே 1873இல் போரில் இறந்தபோது உடலை அங்கேதான் கொண்டுவந்து போட்டார்கள், முகத்தைக் கழுவித் துடைத்தவர் அந்தத் துறவி. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கல்தரையில் நின்றால் இடமே வேறு மாதிரி இருக்கிறது.

சாப்பாடு என்றால் என் கருத்து ஒன்றுதான்: தங்கும் வீட்டிலேயே சாப்பிடுங்கள். 'காசா பர்த்திகுலர்' என்று வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவார்கள், வாசலில் நங்கூரம் போன்ற நீலக் குறி இருக்கும். முதல் நாள் இரவே அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் காலையில் அவர்களே சந்தையில் தேடி வாங்கிவருவார்கள். கடைகளில் பொருள் தட்டுப்பாடு கடுமை, அதனால் பட்டியலைப் பார்த்து ஆர்டர் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு இருப்பதைச் சாப்பிடும் மனதோடு போங்கள். எங்களுக்குக் கிடைத்தது காங்ரி, அதாவது சிவப்பு அவரையை வேகவைத்த தண்ணீரிலேயே அரிசியைப் போட்டுப் பொங்குவது. கூடவே மரவள்ளிக்கிழங்கை அவித்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தாளித்து ஊற்றியது. அந்தச் சாறு கிட்டத்தட்ட நார்த்தங்காய்ப் புளிப்பு. வாழைக்காயைத் தட்டையாக நசுக்கி இரண்டு தடவை பொரித்த தொஸ்தோனெஸ் வேறு. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை: காங்ரியில் பன்றிக் கொழுப்பு போடுவது வழக்கம், முன்பே சொன்னால் எண்ணெயில் செய்து தருவார்கள். 'ரோபா வியேஹா' என்றால் பழைய துணி என்று அர்த்தம், ஆனால் அது நார் நாராகப் பிய்த்த மாட்டிறைச்சி. கமகுவேய் மாடு வளர்க்கும் சமவெளி, கவனம். வெள்ளிக்கிழமைக்குக் காங்ரி, மரவள்ளி, அவகாடோ கிடைத்தால் அது, போதும்.

தர்ஷினி (லண்டன்) எழுதியது:

கசாபேயை விட்டுவிட்டீர்களே குமரன்! மரவள்ளியைத் துருவிச் சாற்றைப் பிழிந்துவிட்டு மாவைச் சூடான தட்டில் பரப்பிச் சுடும் மெல்லிய ரொட்டி, கொலம்பஸ் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்த தைனோ மக்களுடையது. 2024இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக்கு அதைவிட நல்லது இல்லை.

அப்புறம் பணம். அமெரிக்க வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது, மற்ற அட்டைகளையும் நம்ப வேண்டாம், சின்னத் தாள்களாக ரொக்கம் கொண்டுபோங்கள். உங்களுக்குக் கனடியக் கடவுச்சீட்டு என்றால் பரவாயில்லை. எங்களைப் போல பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போயிருந்தால் அமெரிக்காவுக்கு எஸ்டாவில் (விசா இல்லாமல் போக இணையத்தில் எடுக்கும் அனுமதி) போக முடியாது, விசா எடுக்க வேண்டும். யாரும் சொல்லாததால் என் தம்பியின் கல்யாணப் பயணம் இதில் நின்றுபோனது.

ரவி எழுதியது:

நான்கு இரவு அதிகம் என்பது என் அனுபவம். இரண்டு நாளில் சதுக்கங்கள் முடிந்துவிடும், பிறகு கியூபாவிலேயே உள்ள திரினிதாத் ஊருக்குப் போங்கள். கரண்ட் விஷயம் லேசானது இல்லை. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது, அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் நிற்கிறது. எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் ஏற வேண்டிய பேருந்தே வரவில்லை, பாதி நாள் நிலையத்தில் போயிற்று.

குமரன் எழுதியது:

ரவி அண்ணா, பேருந்து வராது என்பதற்காகத்தான் ஒரே ஊரில் இருங்கள் என்கிறேன். நான்கு நாளில் இரண்டு ஊர் என்றால் வீட்டுக்கார அம்மாவோடு பேசுவதற்கே நேரம் இருக்காது, அக்கா கேட்டதே அதைத்தானே. மூன்றாம் நாள் ஹட்டிபோனிக்கோ ஆற்றங்கரைச் சந்தைக்கு அந்த வீட்டுக்கார அம்மாவோடு போங்கள், மூலிகைக்காரர்களைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று 1881இல் சொன்ன கார்லோஸ் ஃபின்லே பிறந்த ஊர் இது, கவிஞர் நிக்கோலாஸ் கியேன் பிறந்ததும் இங்கேதான். 1850இல் கட்டிய தியாத்ரோ பிரின்சிபாலில் கமகுவேய் பாலே குழு ஆடினால் விடாதீர்கள்.

இருட்டைப் பற்றி: இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ உள்ள வீடாகக் கேட்டு எடுங்கள், ரீசார்ஜ் விளக்கு இரண்டு கொண்டுபோய் ஒன்றை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாராசிட்டமால், சோப்பு, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, இவையும் அங்கே கிடைப்பது கஷ்டம். எங்கள் தெருவில் கரண்ட் போன இரவுகளில் எல்லோரும் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தா எங்களுக்கும் இரண்டு போட்டார்.

மீனா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவருக்கு வாசித்துக் காட்டினேன், நான்கு இரவும் கமகுவேயிலேயே என்று முடிவாகிவிட்டது. காய்ச்சல் மருந்து எந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கட்டும் குமரன்? பெட்டியில் ஒரு பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.