சித்தாள் கூலியைப் பத்து நிமிடத்தில் எப்படிப் புரியவைப்பது?

துறையூர்க்காரி:
மார்ச் 8 அன்று எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் கோலப் போட்டி, எலுமிச்சைப்பழ ஓட்டம் என்று முடிந்துபோனது. (தலைவி அக்காவுக்கு இந்த வருடமும் அதே ஆசைதான், நான் கெஞ்சி வாங்கினேன்.) ஆண், பெண் கூலி வித்தியாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். அம்மா பதினெட்டு வருடமாகச் சித்தாள். இப்போது நாள் கூலி 600. அதே சைட்டில் அதே சாந்துச் சட்டியைத் தூக்கும் பெரியாளுக்கு 900. சதவீதம் போட்டு ஒரு சார்ட் எழுதி அம்மாவிடம் காட்டினேன். "சித்தாள் கூலின்னா அப்படித்தானே, இதுல என்ன புதுசு?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். தெரியாததைச் சொல்லிவிடலாம். பழகிப்போனதை எப்படிச் சொல்வது?

மேஸ்திரி62:
தங்கச்சி, தப்பா எடுத்துக்காதம்மா. முப்பது வருடமாக ஆள் வைத்து வேலை பார்க்கிறேன். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை மாடிக்கு ஏற்றுவது ஆம்பளைதான். கூடுதல் கூலி அதற்குத்தான். எல்லாருக்கும் 900 கொடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது, அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பழைய வக்கீல்:
மேஸ்திரி, உங்கள் பேச்சு உச்ச நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. 1987இல் தீர்ப்பான வழக்கு ஒன்று. மக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஆட்ரி டி'கோஸ்டா சுருக்கெழுத்தாளராக இருந்தார். பெண்களுக்கு மட்டும் 'அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்' என்று தனிப் பெயர், ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டு ஜெயித்தார். எப்போதாவது செய்ய நேரும் வேலையை வைத்து ஒப்பிடக் கூடாது, வழக்கமாகச் செய்கிற வேலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்றது நீதிமன்றம். கட்டுப்படியாகாது என்ற வாதமும் எடுபடவில்லை. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்தச் சம ஊதிய விதி இருக்கிறது. சித்தாள், பெரியாள் என்ற பெயர்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஒரு நாளில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதிப் பாரம்மா.

கணக்குப்பைத்தியம்:
சார்ட்டை விடுங்கள், கடிகாரத்தைக் காட்டுங்கள். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் ஆபீசையும் அடுப்பையும் போட்டுவிட்டு நின்றார்கள். 2005இல் அதே தேதியில் சம்பள வித்தியாசத்தை நேரமாக மாற்றி, பிற்பகல் 2:08க்கு வேலையை விட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு செய்வது சும்மா வேலை என்று கணக்கு. 2010இல் 2:25, 2016இல் 2:38. பதினொரு வருடத்தில் அரை மணி நேரம்தான் நகர்ந்திருக்கிறது!

துறையூர்க்காரி:
மேஸ்திரி அண்ணே, அம்மாவிடம் கேட்டேன். மூட்டை ஏற்றுவது லோடு வருகிற நாளில் மட்டும், அதுவும் அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் கலவை, செங்கல், தண்ணீர் என்று இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். சாயங்காலம் சட்டி மண்வெட்டி கழுவி, சைட்டைக் கூட்டுவது மட்டும் சித்தாள்.

அப்புறம் கடிகாரக் கணக்கையும் போட்டுவிட்டேன். ஒன்பதிலிருந்து ஆறு வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ஆக எட்டு மணி நேர வேலை. பெரியாள் கணக்கில் 600 ரூபாய்க்கு 5 மணி 20 நிமிடம். அதாவது அம்மாவின் கூலி மதியம் 3:20க்கே தீர்ந்துவிடுகிறது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாலு மணி டீய மேஸ்திரி வாங்கித் தரலடி. நான்தான் எல்லாருக்கும் வாங்கித் தர்றேன்" என்றார்.

சார்ட்டைக் கிழித்தாயிற்று. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துப் போகிறேன். ஒரு மாதமாக ஓடவில்லை. முள்ளை 3:20இல் வைத்துவிட்டால் போதும், செல்கூட மாற்ற வேண்டாம்.