பழைய மிரர் படகு வாங்கிவிட்டேன், உள்ளே உளுத்திருக்கிறது. மேலே ஃபைபர் போட்டு மூடிவிடலாமா?

புதுப்படகு:
வணக்கம். நான் இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கிறேன். மகளுக்குப் பத்து வயது, இங்கே ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். ஆசை யாரை விட்டது? ஒரு வீட்டுத் தோட்டத்தில் எட்டு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மிரர் படகை 120 பவுண்டுக்கு வாங்கிவிட்டேன். பாய்மரம், சிவப்புப் பாய், சுக்கான், தள்ளுவண்டி எல்லாம் அதில் அடக்கம். எழுபதுகளில் கட்டியது என்று விற்றவர் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இடதுபக்கக் காற்றுத்தொட்டியின் (படகை மிதக்க வைக்கும் மூடிய அறை) அடைப்பானைத் திறந்தால் அரை வாளி தண்ணீர் கொட்டியது. அழுகிய இலை நாற்றம். தொட்டியின் பின்கோடி, அடிப்பலகையோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போய்விட்டது. ஒரு மூட்டில் ஃபைபர் பட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து நிற்கிறது. மற்ற இடமெல்லாம் தட்டினால் நன்றாகத்தான் சத்தம் வருகிறது.

கார் பம்பர் ஒட்டியபோது மிஞ்சிய பாலியஸ்டர் ரெசின் ஒரு டின் இருக்கிறது. ஓட்டை மேல் புட்டி அடைத்து, அடிப்பாகம் முழுக்க ஃபைபர் துணி போட்டு அந்த ரெசினைப் பூசிவிட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா? கராஜை ஏப்ரலுக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டம்மா உத்தரவு.

மரத்தூள்:
பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த டின்னையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நான் இரண்டு மிரர்களைப் பழுது பார்த்தவன். முதல் படகில் நீங்கள் கேட்பதைத்தான் செய்தேன். பளபளவென்று இருந்தது, இரண்டே கோடை. துணிக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு நல்ல பலகையும் சேர்ந்து உளுத்தது. மூன்றாம் வருஷம் ஃபைபர் ஓடு தனியாக, மரக்கூழ் தனியாகக் கையோடு வந்தது. அதோடு எடையும் ஏறும். வெறும் கூடு சுமார் 45 கிலோதான், இரண்டு பேர் தூக்கிப்போகலாம் என்பதே இந்தப் படகின் அழகு. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் படகு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பயம் போய்விடும். 1962இல் ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டிவியில் வீட்டுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னலும் சேர்ந்து வடிவமைத்தது. டெய்லி மிரர் பத்திரிகை அதைப் பெட்டியில் போட்டு விற்றது, பெயரும் அப்படி வந்ததுதான். வெட்டிய ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் ஃபைபர் பட்டை ஒட்டினால் படகு. தச்சரே இல்லாமல் வீட்டுக் கராஜில் கட்டுவதற்கென்றே செய்தது. 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் உங்களையும் என்னையும் போன்ற ஆள்தான் என்றால், வெட்டி ஒட்டவும் நம்மால் முடியும். (கட்டியவர் அவசரக்காரரா நிதானக்காரரா என்பது மூட்டைப் பார்த்தாலே தெரியும். என் முதல் படகைக் கட்டியவர் அவசரக்காரர்.)

முதலில் காய விடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஓரம் என்று நான்கு காற்றுத்தொட்டிகள். நான்கின் அடைப்பானையும் கழற்றிவிட்டுப் படகைக் கூரைக்கு அடியில் ஒருக்களித்து வையுங்கள். அவசரப்பட்டு ஹீட்டர் வைத்தால் ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

காய்ந்த பிறகு உளுத்ததை வெட்டுங்கள். நல்ல மரம் வந்த பிறகும் இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் வெட்டுங்கள். கை உள்ளே போக வழி வேண்டுமே, அதற்குத் தொட்டியின் செங்குத்துப் பலகையில் 15 செ.மீ. வட்டத் துளை போட்டு, திருகு மூடி வைத்துவிடலாம். பிற்பாடு காற்றோட்டத்துக்கும் அதுவே உதவும். ஓட்டையின் உள்பக்கம் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக ஒரு பின்பலகை ஒட்டி, வெளியிலிருந்து சரியான அளவுத் துண்டைப் பதியுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்தான், கட்டில் செய்யும் ப்ளைவுட் வேண்டாம்.

பசைக்கு எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின்) மட்டும். பாலியஸ்டர் மரத்தை அவ்வளவாகப் பிடிக்காது. உங்கள் படகின் பழைய பட்டையும் பாலியஸ்டர்தான், அது ஏன் பெயர்ந்தது என்று பார்க்கிறீர்களே. முதலில் வெறும் எபாக்ஸியைப் பலகை ஓரங்களில் பூசி ஊற விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து வடை மாவுப் பதத்தில் வைத்து ஒட்டுங்கள். ஒரேயடியாக நிறையக் கலக்க வேண்டாம். நான் தயிர் டப்பா நிறையக் கலக்கிவிட்டு போன் எடுக்கப் போனேன், திரும்பி வந்தால் டப்பா உருகிப் புகைந்துகொண்டிருந்தது. ஆழமில்லாத தட்டில் பரப்பி வைத்தால் சூடு ஏறாது. குளிரில் எபாக்ஸி இறுகாது, பத்து டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, கட்டாயம் மேலே பெயின்ட் அல்லது வார்னிஷ் வேண்டும்.

வடமராட்சியான்:
தம்பி, மரத்தூள் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு இரண்டு விஷயம்தான்.

உங்கள் படகை அழித்தது கடலோ ஏரியோ இல்லை, மழைத்தண்ணி. என்ட அப்பையா வள்ளத்துக்குள்ளே மழைத்தண்ணி தேங்கினால் சோறு போட்ட பிறகும் எழும்பிப் போய் இறைத்துவிட்டு வருவார். உப்புத்தண்ணியில் மரம் அவ்வளவு கெதியில் உக்காது, நல்ல தண்ணியில்தான் உக்கும். எங்கட வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் ஓடிப்போன மரக்கப்பல். அதைத் தோட்டத்தில் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு வருஷம் விட்டிருந்தால் அதுவும் உக்கித்தான் இருக்கும். இனி அடைப்பான்களைப் படகில் பூட்டி வைக்க வேண்டாம், சாவிக்கொத்தோடு வைத்திருங்கோ. தண்ணியில் இறக்கும்போது மட்டும் பூட்டுங்கோ.

மற்றது, பழைய பெயின்ட். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பிள்ளை இருக்கிற வீடு, உலர் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம், நெருப்புக் காட்டவும் வேண்டாம். தண்ணி தெளித்துத் தேயுங்கோ, முகமூடி போடுங்கோ. பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பிகளில் பழைய பருத்தித் துணியை ஓட்டிப் பாருங்கோ, எங்கேயாவது துணி மாட்டினால் இழை அறுந்திருக்குது. அந்தக் கம்பியை மாற்றுங்கோ.

புதுப்படகு:
ஐந்து வாரம் காயவிட்டு நேற்று வெட்டினேன் அண்ணா. உள்ளங்கை அளவு என்று நினைத்தது முழங்கை நீளம் வந்துவிட்டது. நடுவே இரண்டு முறை கராஜை விட்டு வெளியே போய் நின்றேன். உள்ளே செம்புக் கம்பி முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன, பச்சை பிடித்து. பலகையில் பென்சில் கோடும், யாரோ டீக் கோப்பை வைத்த வட்டக் கறையும். மகள் அந்த வட்டத்துக்கு மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது என்கிறாள்.

ஒரு கேள்வி. ஒட்டிய பிறகு தொட்டியில் காற்று நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சைக்கிள் பம்ப் இருக்கிறது.

மரத்தூள்:
பம்ப் பக்கமே போகாதீர்கள், பலகை மூட்டோடு பிரிந்துவிடும். அடைப்பான் துளையில் ரப்பர் குழாய் செருகி, சுற்றிலும் களிமண் வைத்து அடைத்து, வாயால் மெல்ல ஊதுங்கள். மூட்டு நெடுக சோப்புத் தண்ணீர் தடவி மகளை நிற்க வையுங்கள், குமிழி வரும் இடத்தை அவள் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அங்கே பென்சிலால் குறித்து, காய்ந்த பிறகு எபாக்ஸி.

டீக் கறை தொட்டிக்கு உள்ளேதானே? உள்ளே எபாக்ஸி மட்டும் பூசுங்கள், கண்ணாடி மாதிரி தெரியும். வெயில் படாத இடம், பெயின்ட் தேவையில்லை.