அப்பத்தா கேசட்டுல பின்னால ஓடுற நிகழ்ச்சி எது? கூடவே ஒரு வாத்துத் துப்பாக்கிப் பிரச்சினை

பரண்_பையன் (கானாடுகாத்தான்):

எல்லாருக்கும் வணக்கம். வயசு 19, காரைக்குடியில காலேஜ். கூடப் படிக்கிறவனெல்லாம் போன்ல சுடுவான், நான் ‘கான்ட்ரா’ங்கிற பழைய வீடியோ கேம்ல சுடுவேன். எடுத்ததும் மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ தட்டி 30 உயிர் வாங்கிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அது அழுகுணி ஆட்டம்னு சொல்றவங்க மூணு உயிரை வச்சுக்கிட்டு அந்த அருவியை ஏறிக் காட்டட்டும். பழைய படமும் பார்ப்பேன். ‘நாம் இருவர்’ (1947) எடுத்தப்ப ஏவிஎம் ஸ்டூடியோ இங்க தேவகோட்டை ரஸ்தாவுலதான் இருந்துச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே உக்காந்து முழுசாப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். படைப்புக்காக (முன்னோருக்குப் படையல் போடுறது) பெரிய வீட்டைத் திறந்தோம். ரெண்டாம் கட்டுப் பரண்ல ஒரு டிவி கேம், துப்பாக்கியோட. பக்கத்துலயே பினாங்குலேருந்து பெரியப்பா கொண்டாந்த டூ இன் ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி), ஒரு கேசட்.

டிவி கேம் எல்இடி டிவியில ஓடுது. மரியோ, கான்ட்ரா எல்லாம் சரி. துப்பாக்கியால வாத்து சுடுற ஆட்டத்துல மட்டும் வாத்து சாகமாட்டேங்குது. திரையில துப்பாக்கியை ஒட்டி வச்சுச் சுட்டாலும் நாய் வந்து சிரிக்குது.

கேசட்டுல ஏ பக்கம் ராஜா பாட்டு. பி பக்கம் ரெண்டு பாட்டு முடிஞ்சதும் டக்குன்னு அப்பத்தா குரல், பினாங்குக்குப் பேசி அனுப்ப வச்சிருந்தது போல: “கோடாலித் தைலம் ஆறு... மைலோ டின்னு ரெண்டு...” ஆனா ரொம்ப மெதுவா ஓடுறதால ஆம்பளை உறுமுற மாதிரி கேக்குது. பின்னால டிவி ஓடுது. சங்கு ஊதுறாங்க, பாட்டு வருது, அப்புறம் ஒருத்தர் இந்தியில இழுத்து இழுத்து “சமை... சமை...”ங்கிறார். சமையல் நிகழ்ச்சியா? சங்கு ஊதியா சமைப்பாங்க?

ஆண்டெனா_அண்ணன் (தேவகோட்டை):

தம்பி, சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. அது சமையல் இல்லப்பா, “மே சமய் ஹூ”. ‘நான் காலம்’னு அர்த்தம். பி.ஆர்.சோப்ராவோட மகாபாரத். அந்தக் குரல் ஹரிஷ் பிமானி. தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில வரும். 1988 அக்டோபர் 2ல ஆரம்பிச்சு 1990 ஜூன்ல முடிஞ்சுது, மொத்தம் 94 எபிசோடு. எங்க தெருவுல ஒரே வீட்டுல டிவி. வளவு முழுக்க ஆளு, ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. கதை தெரியுமே, அது போதாதா! படம் புள்ளி புள்ளியாப் போச்சுன்னா என்னைத்தான் மொட்டை மாடிக்கு விரட்டுவாக. சகுனி பகடை உருட்டுன அன்னிக்கு நான் ஆண்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னேன். இன்னும் அந்தக் கட்டம் நான் பார்த்ததில்ல.

சால்டரிங்_மாமா:

முதல்ல அந்தக் கேசட்டை மறுபடி போடாதே. டூ இன் ஒன் உள்ள மோட்டாரைச் சுத்துற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கு, அதான் குரல் கட்டையா வருது. பழைய ரப்பர் சில சமயம் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடும், அப்புறம் டேப்பை இழுத்துச் சுத்திக்கும். பெல்ட்டை மாத்து, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சுத் துடை. வேற ஏதாவது வேண்டாத கேசட்டைப் போட்டுச் சோதிச்ச பிறகு இதைப் போடு. இன்னொண்ணு, கேசட்டோட மேல் விளிம்பைப் பாரு. மூலையில இருக்கிற ஓட்டை திறந்திருந்தா மேல பதிய முடியாது; அதுல செலோடேப் ஒட்டியிருந்தா இப்பவே பிய்ச்சிடு. இல்லேன்னா கை தவறிப் பதிவு பண்ற சிவப்புப் பட்டனை அமுக்கினா அப்பத்தா அழிஞ்சுடுவாக. ஓடினதும் இயர்போன் ஓட்டையிலேருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டுப் பதிஞ்சு வை.

அந்தத் துப்பாக்கி, பின்பக்கம் பெருத்த பழைய குண்டு டிவியில மட்டும்தான் வேலை செய்யும். நீ சுட்டதும் திரை ஒரு நொடிக்கும் குறைவா கறுப்பாகி, வாத்து இருக்கிற இடத்துல ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பார்க்கணும். எல்இடி படத்தை உள்ள வாங்கிப் பதப்படுத்திக் காட்டுறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிடும். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல கேட்டுப் பாரு. குண்டு டிவி கிடைச்சாலும் கிடைக்கும்.

குறுக்குக்_கேள்வி:

மகாபாரத்னா ஞாயித்துக்கிழமைன்னு முடிவு பண்ணிடலாமா? மறு ஒளிபரப்பா இருந்தா?

பரண்_பையன்:

பெல்ட் மாத்தியாச்சு! செலோடேப் ஒட்டித்தான் இருந்துச்சு மாமா, பிய்ச்சுட்டேன். இப்ப அப்பத்தா அப்பத்தாவாவே பேசுறாக. “ஐயா கறி வாங்கப் போயிருக்காக”ன்னு நடுவுல வருது. எங்க வீட்டுல கறி ஞாயித்துக்கிழமைதான், போதுமா? தருமரோ யாரோ அழுவுறாக போல, அப்பத்தா பேச்சை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் டிவியப் பார்க்கிறாக. அந்த அஞ்சு நிமிஷமும் டேப்பு சும்மா ஓடுது.

நேத்து அவுகளையே உக்கார வச்சுப் போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, “ஆறு கேட்டேன், நாலுதான் கொண்டாந்தான்”னாக.