சாரணர் பிள்ளைகளுக்கு மூன்று நாள் நடை: மலையா, கடற்கரையா, ஆற்றோரமா?

சாரண ஆசிரியர், தக்கலை
பொங்கல் விடுமுறையில் எங்கள் படையை மூன்று நாள், இரண்டு இரவு நடைப்பயணம் கூட்டிப் போகிறேன். மொத்தம் 22 பிள்ளைகள், வயது 13 முதல் 16 வரை. போன வருடம் மருந்துவாழ்மலை ஏறினோம். மதியத்துக்குள் இறங்கிவிட்டோம். பஸ் ஏறும்போது ஒரு பையன் "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

அதனால் இந்த முறை கீரிப்பாறையில் தொடங்கி, காளிகேசம், பாலமோர் பக்கம் நடந்து, காட்டோரம் கூடாரம் போடலாம் என்று யோசிக்கிறேன். பை, அரிசி, பாத்திரம் எல்லாம் அவர்களே சுமக்க வேண்டும். வழி தெரிந்தவர்கள் கருத்து சொல்லுங்கள்.

மலையோரம், பேச்சிப்பாறை
சார், உங்கள் ஆர்வம் நல்லது, ஆனால் இந்த வழி வேண்டாம். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் மட்டுமே 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் சொல்கிற பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. இரவு தங்குவது அதைவிடக் கஷ்டம். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது. அவையும் வழிகாட்டியோடு போய் அன்றே திரும்புகிற நடைகள்தான்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் இவ்வளவு இறுகியது எதனால்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ பிடித்து 23 பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. யானை வேறு இருக்கிறது. 2023 ஜூனில் அரிக்கொம்பனைக் கொண்டுவந்து விட்டது மேல் கோதையாறு பக்கம்தான். 22 பிள்ளைகளோடு காட்டில் யானையைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓடச் சொல்வீர்கள்?

கடல்காத்து, குளச்சல்
மலைதான் சவால் என்று யார் சொன்னது? கன்னியாகுமரியிலிருந்து கோவளம், மணக்குடி, முட்டம், மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் வரை வரட்டும். பையோடு காய்ந்த மணலில் ஒரு மைல் நடந்து பார்த்தால் தெரியும். கால் புதைந்து புதைந்து கெண்டைக்கால் இறுகிவிடும். ஈர மணலைப் பிடித்து நடக்க அலையின் போக்கு தெரிய வேண்டும், நேரம் தெரிய வேண்டும். அதுவும் ஒரு படிப்புதான். ராத்திரி தங்க ஊருக்கு ஊர் கோயில் மண்டபம் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். மீனும் மரச்சீனிக்கிழங்கும் தந்து அனுப்புவார்கள் எங்கள் ஆட்கள்.

ஒரு சாரணரின் அம்மா
கடற்கரை என்றதும் எனக்கு 2024 மே 6 நினைவுக்கு வருகிறது. லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல், அதாவது திடீரென்று பேரலை எழும் என்ற எச்சரிக்கை இருந்த நேரம் அது. 13 வயதுப் பையன் வியர்த்துக் கொட்டி நடக்கும்போது பக்கத்திலேயே கடல் இருந்தால் இறங்காமல் இருப்பானா?

இன்னொன்று, பையின் எடை. என் மகன் 38 கிலோ. முன்பு ஒரு முகாமுக்குப் புறப்பட்ட அன்று அவன் பையைப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 9 கிலோ 400 கிராம். இரண்டு ஜமுக்காளம், எவர்சில்வர் வாளி ஒன்று, மூன்று லிட்டர் தண்ணீர். திரும்பி வந்தபோது இரண்டு தோளிலும் வார் பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவியபோது பல்லைக் கடித்துக்கொண்டான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த வழி போனாலும் சரி, பையை நிறுத்துப் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

மலையோரம், பேச்சிப்பாறை
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது. 38 கிலோ பையனுக்கு ஏழரை கிலோ, தண்ணீரும் சேர்த்து.

என் யோசனை இது. பேச்சிப்பாறை அணைக்குக் கீழே தொடங்குங்கள். கோதையாற்றை ஒட்டி திற்பரப்பு. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், அப்புறம் கோதையாறும் பறளியாறும் சேருகிற மூவாற்றுமுகம். பிறகு குழித்துறை, கடைசியில் ஆறு கடலில் விழுகிற தேங்காப்பட்டணம். அணைத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியைப் பிள்ளைகள் காலாலேயே தெரிந்துகொள்வார்கள். நாளுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வரும்.

சாரண ஆசிரியர், தக்கலை
தம்பி, மன்னிக்கவும். இது ஊர் சுற்றுவது போல ஆகிவிடும். பத்தடிக்கு ஒரு வீடு, அரை மைலுக்கு ஒரு டீக்கடை. கையில் காசு இருந்தால் புரோட்டா வாங்கித் தின்றுவிடுவான், அடுப்பு எதற்கு மூட்டுவான்? தனிமையும் இருட்டும் இல்லாமல் சாரணப் பயிற்சி எப்படி?

மலையோரம், பேச்சிப்பாறை
காசைப் புறப்படும்போதே வாங்கி வையுங்கள், போனையும் சேர்த்து. ஒவ்வோர் அணிக்கும் ஒரு கைவரைபடம், ஒரு திசைகாட்டி மட்டும் கொடுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள் சார். எல்லா மரமும் ஒரே மாதிரி, எல்லா வரிசையும் ஒரே மாதிரி. நான் பால்வெட்டுக்குப் போன காலத்திலேயே மூடுபனி நாளில் வழி தவறியிருக்கிறேன். தோட்டக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், அது முக்கியம்.

தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 1240 அடி நீளம். கீழே பறளியாறு. பையைச் சுமந்துகொண்டு அதைக் கடக்கிற 13 வயதுப் பையனிடம் சவால் இருந்ததா என்று கேளுங்கள்.

நேரக் கணக்கை அவர்களே போடட்டும். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி என்று நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்கு சொன்னார். பையும் வெயிலும் சேர்ந்தால் அதில் பாதியாவது கூட்ட வேண்டும். கணக்கு தப்பினால் இருட்டில்தான் சோறு பொங்க வேண்டும். நீங்கள் கேட்ட இருட்டு அங்கே கிடைக்கும்.

சிவாலய ஓட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். முஞ்சிறையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் காலால் போகிறார்கள். அதை ஊர் சுற்றுவது என்று யாராவது சொல்வோமா?

முன்னாள் சாரணர், பெங்களூரு
நான் பதினைந்து வயதில் இப்படி ஒரு நடையில் குலசேகரம் பக்கம் வழி தப்பினேன். நாங்கள் எட்டுப் பேர். எங்கள் அணித்தலைவனுக்கும் பதினைந்துதான். அவன் எல்லோரையும் உட்கார வைத்தான். பையிலிருந்த ஏத்தன்பழத்தை ஆளுக்குப் பாதி கொடுத்தான். "பேசாம இருங்க, தண்ணிச் சத்தம் கேக்குதா பாருங்க" என்றான். சானல், அதாவது பாசன வாய்க்கால் சத்தம் இடது பக்கம் கேட்டது. கரையைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். யானையும் இல்லை, சிகரமும் இல்லை. ஆனால் இன்று வேலையில் எது குழம்பினாலும் நான் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆனாலும் மலை ஆசையைச் சார் விட வேண்டாம். வனத்துறை அனுமதியோடு தனியாக ஒரு பகல் நடை வையுங்கள்.

கடல்காத்து, குளச்சல்
ஆற்றோரம் என்றால் நானும் சம்மதிக்கிறேன், கடைசியில் எங்கள் கடலுக்குத்தானே வருகிறீர்கள். ஒன்று மட்டும். தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் யாரும் இறங்கக்கூடாது. ஆறும் கடலும் முட்டுகிற இடம், மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும்.

மலையோரம், பேச்சிப்பாறை
சானலிலும் அதேதான். கும்பப்பூ நெல் சாகுபடிக்காக ஜனவரியில் தண்ணீர் நிறைய ஓடும். கரை வழுக்கும். குளிக்கப் படித்துறை உள்ள இடம் மட்டும், அதுவும் பெரியவர்கள் முன்னால்.

சாரண ஆசிரியர், தக்கலை
காட்டில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் மாறவில்லை. ஆனால் அரிக்கொம்பன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் 22 பேரைக் கூட்டிப் போக மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை மூன்று அணித்தலைவர்களோடு அணையிலிருந்து திற்பரப்பு வரை நடந்து பார்க்கிறேன். பையெல்லாம் நிறுத்து, ஏழு கிலோவுக்குள். இரண்டாம் இரவு குழித்துறைக்கு முன்னால் ஆற்றோரம் கூடாரம் போட இடம் வேண்டும். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு சாரணரின் அம்மா
குழித்துறைக்கு இந்தப் பக்கம் என் அண்ணன் வீட்டுத் தென்னந்தோப்பு ஆற்றங்கரையில் இருக்கிறது. கிணறும் உண்டு. இன்று ராத்திரி கேட்டுச் சொல்கிறேன் சார்.