டைவிங் போட்டியில் குளத்தின் மேல் ஏன் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்?

கேள்வி:
வணக்கம். ஒலிம்பிக் டைவிங் போட்டிகளில், வீரர் வந்து விழும் இடத்தில் குளத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவருக்கு அடிபடாமல் நீரை இளக்குவதற்காகவே இப்படிச் செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இது சரிதானா? அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் தண்ணீர் அதிகம் தெறிக்காதது எப்படி?

மறுமொழி 1:
பலரும் நம்புவதுதான், ஆனால் சரியல்ல. அசையாத தெளிந்த நீரில் குளத்தின் தரையே பளிச்சென்று தெரியுமாதலால், குட்டிக்கரணம் போட்டபடி இறங்குபவருக்கு நீர்மட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. மேடையை விட்ட ஏறத்தாழ ஒன்றரை விநாடியில், மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் அவர் நீரைத் தொட்டுவிடுவார். அதற்குள் நீர்மட்டத்தைக் கண்ணால் பிடித்து, உடலை நிமிர்த்த வேண்டும். அதற்காகவே மேற்பரப்பைச் சலசலக்க வைக்கிறார்கள். நீரை உண்மையிலேயே இளக்க வேண்டுமானால், பயிற்சிக் குளங்களில் அடியிலிருந்து காற்றுக்குமிழிகளைச் செலுத்துவார்கள்.

மறுமொழி 2:
தெறிப்பைப் பற்றி: விரல் நுனிகளைக் கூப்பிக்கொண்டு ஊசிபோல் நுழைகிறார்கள் என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறோம். உயர்நிலை வீரர்கள் ஒரு கையால் மறு கையைப் பற்றி, மணிக்கட்டை மடக்கி, விரிந்த உள்ளங்கையால் நீரை அறைகிறார்கள். அப்போது உண்டாகும் பள்ளத்துக்குள் உடல் நேராக இறங்கிவிடுகிறது. நீருக்குள் போன கணமே கைகளைப் பக்கவாட்டில் விரித்து, உடலை உருட்டிக்கொள்வதும் மேலெழும் தெறிப்பைக் குறைக்கிறது. மணிக்கட்டுக்குத்தான் பாவம், அடி ஓயாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், தெறிப்புக் குறைந்தவருக்கே தங்கமா?

மறுமொழி 3:
இல்லை. வர்ணனையாளர்கள் அதையே பேசுவதால் அப்படித் தோன்றுகிறது. தனிநபர் போட்டியில் 7 நடுவர்கள், மேடையில் நிற்கும் நிலை முதல் நீரில் நுழைவது வரை அனைத்தையும் பார்த்து, பத்துக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் நீக்கி, மிஞ்சும் மூன்றின் கூட்டுத்தொகையை அந்த டைவின் கடினத்தன்மைக்குரிய எண்ணால் பெருக்குகிறார்கள். கடினம் 2.0 என்றால் மூன்றும் பத்தாக இருந்தாலும் கிடைப்பது 60தான்; 3.2 உள்ள டைவில் மூன்று 8.5 வாங்கியவர் 81.6 பெற்றுவிடுவார். டோக்கியோவில் 14 வயதுச் சீன வீராங்கனை சுவான் ஹோங்சான் ஐந்து டைவ்களில் 466.20 புள்ளிகளுடன் தங்கம் வென்றது, கடினமானவற்றையே தெறிப்பில்லாமல் முடித்ததால்தான்.